உன் நம்பருக்கு வரும் கரண்ட் பில்

என் அன்பு அண்ணா,

முதலில் மன்னித்துக்கொள். நீ இருந்தபோது சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாதவள், இப்போது பத்துப் பேர் படிக்கிற இடத்தில் உனக்குக் கடிதம் எழுதுகிறேன். அதுவும் கரண்ட் பில்லைப் பற்றி. நீ சிரிப்பாய். சிரி.

நம் வீட்டு மீட்டரை மாற்றிவிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஆள் வந்து பார்த்து, வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போனதெல்லாம் முடிந்தது. இனி மாதா மாதம் பில். வங்கியிலிருந்து தானாக எடுத்துக்கொள்வார்கள். நீ போன பிறகு உன் கணக்கை மூடிவிட்டதால் என் சம்பளக் கணக்கைக் கொடுத்திருக்கிறேன்.

தானாகப் பணம் போகும்படி முதலில் செய்தவன் நீதான். திருமுடிவாக்கத்துப் பட்டறையில் பர்மிஷன் போட்டுவிட்டு வந்து, பில் கட்டும் வரிசையில் வெந்துபோய், "இந்தப் பேஜாருக்கு ஒரு முடிவு கட்றேன் பாரு" என்றாய். அன்று சாயந்திரமே எண்ணெய்க் கையோடு போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாய். "இன்னா மேடம், கிராஜுவேட் நீயா, நானா?"

மேடம். நான் கல்லூரியில் சேர்ந்த நாளில் நீ வைத்த பெயர். நம் குடும்பத்தின் முதல் டிகிரி உன் ஓவர்டைமில் வந்தது. அந்தப் பெயரை வைக்க உனக்கில்லாத உரிமையா?

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். பணம் போவது என் கணக்கிலிருந்து. பில் வந்த செய்தி மட்டும் உன் நம்பருக்குப் போகிறது. எதை மாற்ற வேண்டுமென்றாலும் ஓடிபி உன் நம்பருக்குத்தான். உன் நம்பர் அண்ணியிடம்.

வங்கிக் கணக்கை மாற்றுவதற்காக முதல் முறை கூப்பிட்டேன். மேடவாக்கத்தில் என் ஆபீஸ் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன். என் போன் திரையில் உன் முகம் வந்தது. அண்ணி எடுத்தார். "சொல்லுங்க மேடம்."

உன் போனில் என் பெயர் அப்படித்தானே இருக்கிறது! அதைப் படித்தார், அவ்வளவுதான். அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. அது உன் வாயிலிருந்து மட்டும் வர வேண்டிய சொல் இல்லையா?

பொறாமைதான் அண்ணா. வேறு பெயர் சொல்லி மூடப் பார்த்தேன், முடியவில்லை. அவர் உன்னோடு இருந்தது கொஞ்ச காலம். நான் பிறந்ததிலிருந்து உன் தங்கை. ஆனால் உன் போன் அவருக்கு. அதில் நீ பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜெல்லாம் அவருக்கு. உன் பெயர் போட்டு வருகிற கரண்ட் பில்லைக்கூட அவர்தான் பிரித்துப் படிக்கிறார். எனக்கு வருவது, பணம் கழிந்துவிட்டது என்று வங்கி அனுப்பும் ஒரு வரி.

அம்மாவுக்கு வேறு விதமான கோபம். "கூடுவாஞ்சேரிக்கு அவங்கம்மா வூட்டுக்குப் போயிட்ட பொண்ணுகிட்ட இன்னும் எத்தினி நாளைக்கு நம்பர் கேட்டுகினு இருப்ப? உன் நம்பருக்கு மாத்திக்கோ, வேலை முடிஞ்சுது." அந்த யோசனை எனக்கு இனித்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அதற்கும் ஒரு கடைசி ஓடிபி வேண்டும். அண்ணி எண்ணைச் சொன்னார். நான் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

"எதுக்கு சத்யா இது? பில்லு கட்டவா?"

"இல்ல அண்ணி. நம்பர் மாத்தறோம். இனிமே உங்களுக்குத் தொந்தரவு இருக்காது."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. "அப்ப எனக்கு மெசேஜ் வராதா?"

"வராது."

"சரி." அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இல்ல... அதப் பாத்துதான் நீங்க எப்பிடி கீறீங்கன்னு தெரிஞ்சிக்குவேன். போன மாசம் பில்லு ஏறிச்சு. அத்தைக்கு மூட்டு வலி ஜாஸ்தி போல, ஹீட்டர் போடறாங்கன்னு நினைச்சிகினேன். அதுக்கு முந்தின மாசம் ரொம்பக் கம்மி. வூட்ல ஆளே இல்லியோன்னு பயந்துட்டேன். எனக்கு யாரு சொல்வாங்க?"

அந்தக் கம்மியான மாதத்தில் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள், நான் பக்கத்தில் இருந்தேன். அண்ணியிடம் நாங்கள் சொல்லவில்லை.

"கேட்டிருக்கலாமே அண்ணி."

"நீங்க கூப்புடறதே ஓடிபிக்குத்தானே மேடம்" என்று சிரித்தார். உள்ளங்கையில் இருந்த எண் வியர்வையில் கலைந்தது. நான் அதைப் போடவில்லை.

போனை வைக்கும் முன்பு இன்னொன்றும் சொன்னார். "உங்க அண்ணா கனவுல வந்தாரு சத்யா. வேலைக்குப் போற சட்டை, கையில டிபன் பாக்ஸு. ஒண்ணுமே பேசல. சாப்ட்டு, கை கழுவிட்டுப் போயிட்டாரு."

பார்த்தாயா? கனவிலும் கூடுவாஞ்சேரிக்குத்தான்! என்மேல் என்ன கோபம் உனக்கு? நான் தூங்கும்போது கதவைத் தாழ் போட்டா வைத்திருக்கிறேன்?

சரி, ஒன்று உறுதியாகச் சொல்கிறேன். நம்பரை மாற்ற மாட்டேன். பில் உன் பெயருக்கே, உன் நம்பருக்கே வரட்டும். அண்ணி படிக்கட்டும். ஓடிபி தேவைப்படாத மாதங்களிலும் நான் கூப்பிடுவேன், அவர் மேடம் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவேன். அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கேட்க வெட்கமாக இருந்ததால் இதைக் கடைசிக்கு வைத்தேன். கூடுவாஞ்சேரிக்குப் போகிற ரயில் நம்ம தாம்பரத்தில் நின்றுதானே போகிறது? அடுத்த முறை இங்கே ஒரு தடவை இறங்கிவிட்டுப் போயேன். வாசல் லைட்டை விடிய விடியப் போட்டே வைக்கிறேன். பில் கொஞ்சம் ஏறும். ஏன் என்று அண்ணி கேட்பார். சொல்ல மாட்டேன்.

உன் ஒரே தங்கை,
உன் போனில் இன்னும் மேடம்.