மூத்த சம்சாரத்தின் முகம்

இன்று காலை ஸ்டுடியோவின் பெரிய லைட்டைப் போட்டதும் பல்பின் மேல் படிந்திருந்த தூசி கருகி ஒரு வாடை வந்தது. வருஷக்கணக்கில் உன் சட்டையில் இருந்த அதே வாடை. எனக்கு உடனே எரிச்சல்தான் வந்தது. அழுகை வந்திருக்க வேண்டும் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் பாடு.

நீ இருந்தவரை உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். இப்போது 'நீ' என்கிறேன். பிடிக்கவில்லையென்றால் வந்து கேள்.

விஷயம் இதுதான். நம் விளாங்குடி ஸ்டுடியோவின் கண்ணாடிக் கதவுக்கு மேலே நீ மாட்டிவைத்த நம் இரண்டு பேர் படத்தைக் கழற்றிவிடுவதென்று முடிவு செய்தேன். அங்கே என் படம் வர வேண்டும். நானே லைட் வைத்து, நானே உட்கார்ந்து, நானே எடுக்கிற படம். நீ போன பிறகு கடை என் கையில்தான் ஓடுகிறது. இருந்தும் உள்ளே வருகிறவர்கள், என் கழுத்தில் கேமரா தொங்கும்போதே, "போட்டோ எடுக்கிறவரு எப்ப வருவாரு?" என்று கேட்கிறார்கள். இது யார் கடை என்று வாசலிலேயே தெரியட்டும்.

உன் தங்கச்சிக்கு இது பிடிக்கவில்லை. "மதினி, அண்ணே ஆசையா வச்ச படம். அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது" என்றாள். "ஒனக்கென்ன, உன் மூஞ்சியா அதுல இருக்கு?" என்று அவளைக் கேட்க வாய் வரை வந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் என் மூஞ்சியும்தான் அதில் இல்லை.

கல்யாணமான புதிதில் எடுத்தது. "நம்மள நாமளே எடுப்போம்டி, வேற எவன் எடுத்தாலும் எனக்குப் பிடிக்காது" என்றாய். என்னை ஸ்டூலில் உட்காரவைத்து அரைநாள் லைட்டை நகர்த்தினாய். முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்ப மடியில் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையைக் கொடுத்து, அதைச் சாய், நிமிர்த்து என்று உயிரை வாங்கினாய். "கண்ணுக்குள்ள லைட் விழணும். விழலேன்னா அது பொணத்தப் படம் எடுத்த மாதிரி" என்றாய். டைமரைத் தட்டிவிட்டு ஓடிவந்து உட்காரும்போதெல்லாம் உன் வேட்டி வயரில் மாட்டியது. நான் சிரித்தேன். அந்தச் சிரிப்போடுதான் படம் விழுந்தது.

அன்று நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிரிண்ட் வந்தபோது அதில் நீ இருந்தாய். உன் பக்கத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரி இருந்தாள். மூக்குத்தி மட்டும்தான் என்னுடையது. கம்ப்யூட்டரில் உன் முகத்தையும் வெளுத்துத்தான் வைத்திருந்தாய், ஆனால் கொஞ்சமாக. ஆம்பளைக்கு அது போதும் போல. ஏன் இப்படி என்று கேட்டேன். "கடை வாசல்ல கறுப்பா மாட்டுனா எவன் உள்ள வருவான்? ஊர் மூஞ்சி பூரா வெளுத்துக் குடுக்கிறேன், எம் பொண்டாட்டிய விட்டுருவேனா?" என்றாய். எனக்குச் செய்த உபகாரம் மாதிரிதான் சொன்னாய்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது பிறகு நடந்தது. வாடிப்பட்டியிலிருந்து நிச்சயதார்த்த ஆல்பம் வாங்க வந்த ஒரு அம்மா, அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்து மேஜையில் பாஸ்போர்ட் போட்டோ வெட்டிக்கொண்டிருந்தேன். "ஏண்ணே, இது உங்க மூத்த சம்சாரமா?" என்று கேட்டாள். நீ என்னைப் பார்த்தாய். சிரித்துக்கொண்டே, "ஆமாக்கா, அவ போய்ச் சேர்ந்துட்டா" என்றாய். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எம்புட்டு லெச்சணமா இருந்திருக்கு, பாவம்" என்றாள்.

பைக்கில் வீட்டுக்குப் போகும்போது கேட்டேன். "வியாபாரத்துல வெளையாட்டுக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று என்மேலேயே சள்ளென்று விழுந்தாய். அந்த விளையாட்டு உனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அதன் பிறகு யார் கேட்டாலும் அதே பதில். நான் பக்கத்தில் உயிரோடு நின்றுகொண்டே எத்தனை தடவை செத்தேனோ.

போன வாரம் உன் திதிக்கு ஒரு படம் வேண்டும் என்று உன் தங்கச்சி கேட்டாள். பழைய ஹார்டு டிஸ்க்கைத் திறந்தேன். அதில் அந்தப் படம், நீ கைவைப்பதற்கு முந்தைய படம், அப்படியே கிடந்தது.

அதைப் பார்த்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அவ்வளவு நன்றாக இருந்தேன். கன்னத்தில் என் கறுப்பு அப்படியே மினுங்கியது. ஓரத்தில் வந்த லைட் கூந்தலைப் பின்திரையிலிருந்து பிரித்துக் காட்டியது. தெர்மோகோலின் வெளிச்சம் தாடைக்குக் கீழே எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான். என் நிறத்துக்கென்றே பார்த்துப் பார்த்து வைத்த லைட் அது. என் முகம் உனக்குத் தெரிந்திருக்கிறது. கண் தெரியாத முட்டாள் என்று நினைத்து உன்னைப் பாதி மன்னித்து வைத்திருந்தேன். அதுவும் போயிற்று. தெரிந்தே அழித்திருக்கிறாய்.

அதை வெட்டி மாட்டிவிடலாம்தான். ஆனால் என் தோளில் உன் கை இருக்கிறது. அதோடு, அது நீ எடுத்த படம். எனக்கு என் படம் வேண்டும்.

ஆகவே இன்று கடையை உள்பக்கம் பூட்டிக்கொண்டேன். எனக்கு முன்னால் உட்கார்ந்து காட்ட ஆள் இல்லை. ஒரு ஸ்டாண்டை என் உயரத்துக்கு ஏற்றி, அதன் தலையில் என் மூக்குக்கண்ணாடியை மாட்டி, அதை வைத்து ஃபோகஸ் பிடித்தேன். கேமரா ரிமோட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். முதலில் எடுத்ததெல்லாம் கண்றாவி. மூக்கு பளபளத்தது, கண் குழிக்குள் போயிருந்தது. லைட்டைப் பக்கவாட்டில் தள்ளினேன், கொஞ்சம் உயர்த்தினேன், முடிக்குப் பின்னால் ஒன்று வைத்தேன். தெர்மோகோலை மடியில் சாய்த்தேன். கடைசியில் படம் விழுந்தது. நெற்றிச் சுருக்கம், கண்ணுக்குக் கீழே கருவளையம், என் நிறம், எல்லாம் இருந்தது. ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை.

சாயங்காலம் உன் தங்கச்சி வந்தாள். சண்டைக்குத்தான் வந்திருப்பாள். பிரிண்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே எடுத்த மாதிரியே இருக்கு மதினி" என்றாள்.

அவளை என்ன திட்டுவது? உண்மையைத்தான் சொன்னாள். நான் தள்ளித் தள்ளி வைத்த லைட் நீ வைத்த இடத்தில்தான் போய் நின்றிருக்கிறது. எனக்கு வேறு இடம் தெரியாது. முகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அதில் விழுகிற வெளிச்சம் உன்னுடையது. பழையதைக் கழற்றி என் படத்தை மாட்டிவிட்டேன், இப்போதும் உன்மேல் கொலைவெறியோடுதான் இருக்கிறேன்.