பெண் பார்க்கப் போட்ட கண்ணாடி

கைநகரி,
மீனம் 6

சுகுணன் சேட்டனுக்கு ஓமனா எழுதுவது.

நலம்தானே? பெண் பார்த்துவிட்டுப் போன ஆளுக்குப் பெண்ணே கடிதம் எழுதுவது வழக்கமில்லை. நாற்பத்திரண்டு வயதில் இனி எனக்கென்ன வழக்கம்?

வந்தீர்கள். சாயா குடித்தீர்கள், நேந்திரங்காய் உப்பேரி தின்றீர்கள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய வாழைக்குலையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் படகேறியதும் அண்ணி சரஸம்மா, "மூஞ்சி பிடிக்கலன்னா மனுஷன் அப்படித்தான் சுவரைப் பார்ப்பான். வாழைக்குலையவே கட்டிக்கிட்டுப் போகட்டும்" என்றாள். மீன மாதம் முடிவதற்குள் தரகரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறார் அண்ணன்.

பிடிக்கவில்லை என்றால் எனக்கே எழுதிவிடுங்கள். தையல் மிஷினில் உட்கார்ந்தால் மனசு எங்கோ போகிறது. நேற்று ஒரு ரவிக்கைக்கு இரண்டும் இடது கையாக வைத்துத் தைத்துவிட்டேன்.

ஓமனா

*

மாங்கொம்பு,
மீனம் 10

அன்புள்ள ஓமனாவுக்கு, வாத்துக்காரன் சுகுணன்.

உன் கடிதம் வந்தபோது வாத்துகள் மேற்கு வயலில் இறங்கிக்கொண்டிருந்தன. அறுத்த வயலில் வாத்து இறங்கினால் தண்ணீரே எழுந்து நடக்கிற மாதிரி இருக்கும். அதில் ஒரு நொண்டி உண்டு, பெரிய ராங்கிக்காரி, அவள் கதையை இன்னொரு நாள் சொல்கிறேன். விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்குத் தூரத்துப் பார்வை பிசகாது. வயலின் அந்தக் கோடியில் பருந்து நிழல் விழுந்தாலும் தெரியும். கிட்டத்துப் பார்வைதான் மங்கிவிட்டது. மீன்முள்ளை நாக்கால் தேடித் தின்கிறேன். தரகர் குஞ்ஞப்பன், "வாத்து மேய்க்கிறவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்? ஒரு கண்ணாடிய மாட்டு, பேங்குக்காரன் மாதிரி இருப்ப" என்று படகுத்துறைக் கண்ணாடிக் கடைக்கு இழுத்துப் போனார்.

கடைக்காரர் வயசு கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் குஞ்ஞப்பன், "நாப்பது" என்றார். "தலைக்கு மட்டும் ஒரு அஞ்சாறு வயசு கூட இருக்கே!" என்றபடி கடைக்காரர் வேறு பெட்டியைத் திறந்தார். கறுப்புச் சட்டத்தில் ஆந்தை மாதிரி இருந்தேனாம். பழுப்புச் சட்டம் எடுத்தோம். பழைய பேப்பரைக் கையில் கொடுத்தார். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்து வெளியே வந்தது. "இது கிட்டத்துக்கு மட்டும்" என்று அவர் சொன்னதை நாங்கள் யார் காதில் வாங்கினோம்?

உங்கள் வீட்டில் தூரமெல்லாம் மங்கலாகத் தெரிய, அதைக் கழற்றப் போனபோது குஞ்ஞப்பன் தொடையில் கிள்ளிவிட்டார். மஞ்சளாக ஒரு பனி நடந்து வந்தது, அதுதான் நீ. சாயா கொடுத்துவிட்டுச் சுவரோரம் போனாய். அங்கே மஞ்சளாக இரண்டு. இடது பக்கத்து மஞ்சள்தான் நீ என்று நினைத்துவிட்டேன். மரியாதையாக அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயா நீட்டிய கை மட்டும் தெளிவாகத் தெரிந்தது. விரல் நுனியில் ஊசி குத்திய புள்ளிகள். அன்றிலிருந்து கனவில் அந்தக் கை வந்து ஏதோ ஒரு வீட்டின் கதவைத் திறக்கிறது. உள்ளே முகம் இருக்கிறதா என்று பார்ப்பதற்குள் வாத்து கத்தி எழுப்பிவிடுகிறது.

உன்னைப் பிடிக்காமல் இல்லை, ஓமனா. இன்னும் பார்க்கவே இல்லை.

சுகுணன்

*

கைநகரி,
மீனம் 14

சுகுணன் சேட்டனுக்கு,

உங்கள் கடிதத்தைக் கையை நீட்டி வைத்துப் பார்த்தேன். கையின் நீளம் போதவில்லை. ஜன்னல் கம்பியில் செருகிவிட்டுத் தள்ளி நின்று வாசித்தேன். சிரித்த சிரிப்பில் அண்ணி ஓடிவந்தாள்.

எனக்கும் இதே பாடுதான். ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து வீட்டு மாலதியைக் கூப்பிடுகிறேன். கண்ணாடி வாங்க அண்ணி விடுவதில்லை. "கல்யாணம் முடியற வரைக்கும் மூக்குல ஒண்ணும் ஏறக்கூடாதுடீ, கிழவின்னுருவாங்க" என்கிறாள். ஆண் போட்டால் பேங்குக்காரன், பெண் போட்டால் கிழவி. அன்று நான் சுவரோரம் நின்றபோது நீங்கள் நன்றாகத் தெரிந்தீர்கள். சாயா கொடுக்கக் குனிந்தபோது உங்கள் முகம் தண்ணீருக்கடியில் கிடக்கிற கூழாங்கல் மாதிரி அசைந்தது.

சனிக்கிழமை காலையில் வாத்தை இந்தப் பக்கம் ஓட்டிவாருங்கள். எங்கள் படித்துறைக்கு எதிர்க்கரையில் நில்லுங்கள். கண்ணாடி வேண்டாம். பாத்திரம் கழுவ வருவேன். கூப்பிட வேண்டாம், பார்த்தால் போதும். பிடிக்கவில்லை என்றால் வாத்தை ஓட்டிக்கொண்டு நடந்துவிடுங்கள். நான் பாத்திரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஓமனா

*

கைநகரி,
மீனம் 22

சேட்டா,

அன்று வாய்க்காலில் பனி மூடியிருந்தது. முதலில் சத்தம் வந்தது, அப்புறம் வாத்து, அப்புறம் நீங்கள். பனி விலகும்வரை நின்றீர்கள். விலகிய பிறகும் நின்றீர்கள். பாத்திரத்தைத்தான் பார்ப்பேன் என்று எழுதியிருந்தேன், முடியவில்லை. வெயில் ஏறியதும் அண்ணி வந்துவிட்டாள்.

"ஒரு பானைய எத்தன தடவடீ தேய்ப்ப? அக்கரைல யாரு அது?"

"வாத்துக்காரர்."

"வாத்து எங்க?"

"அது எப்பவோ போயிருச்சு."

வாத்தெல்லாம் கிடைத்ததா? நொண்டியும்?

ராத்திரிக் கஞ்சி குடிக்கும்போது அண்ணன் கேட்டார்: "தரகனுக்கு என்ன சொல்ல? ஆளு எப்படி?"

"தூரத்துல நல்லாத்தான் இருக்காரு."

"கிட்டத்துல?"

"கிட்டத்துல எனக்குத் தெரியாதுண்ணா. போய்த்தான் பாக்கணும்."

உங்கள்
ஓமனா