துணிப் பராமரிப்பு ஒருங்கிணைப்பாளருக்கு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகமாகத்தான் இருக்கிறோம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் சண்டைக்கு வருகிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, உன் அறை ஜன்னல் இப்போதாவது சரியாகச் சாத்த வருகிறதா என்பதை எழுது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் நடுவில் புகுந்து, என்னம்மா பண்ணி வச்சிருக்கே என்று நீ கத்துவாய், நான் பதற்றத்தில் பாதியை விழுங்கிவிடுவேன். கடிதம் என்றால் கடைசி வரை நீ வாயை மூடிக்கொண்டு படித்துத்தானே ஆக வேண்டும். தப்பு என் பேரில்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். ஓட்டலிலிருந்து நாற்பது மேஜை விரிப்பு சலவைக்கு வந்து கடைக் கவுண்டரை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, அப்பா வங்கிக்குப் போயிருக்கிறார், உன் பெட்டி மாமா வழக்கம்போல வாயைத் திறக்காமல் இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். அப்போது ஒரு பெண் போன் செய்தாள். ஏதோ கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் அதிகாரியாம். உங்க நிறுவனத்துல துணிப் பராமரிப்பு ஒருங்கிணைப்பாளரா ரெண்டு வருஷம் இருந்தவரைப் பத்தி விசாரிக்கணும் என்றாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இது சலவைக் கடைம்மா, தப்பான நம்பர் என்று வைக்கப் போனேன். அவள் உன் பெயரைச் சொன்னாள். அப்புறம்தான் விளங்கியது, விண்ணப்பத்தில் நீ நம் கடையைத்தான் இப்படி அலங்காரம் பண்ணி எழுதி, என் நம்பரையும் கொடுத்திருக்கிறாய் என்று. உன்னைக் குற்றம் சொல்லவில்லை தம்பி. பட்டம் வாங்கிப் பத்து மாதமாகப் பதினேழு இடத்தில் ஏறி இறங்கிவிட்டாய், போன இடத்திலெல்லாம் முன் அனுபவம் உண்டா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். யாராவது வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று நீ புலம்பியது எனக்கு மறக்கவில்லை. இந்தப் பதினெட்டாவதும் கைவிட்டுப் போனால் அறையைக் காலி பண்ணிவிட்டு ஊருக்கு வந்துவிடுவேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் என் நம்பரைக் கொடுக்கிறவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா.

என் சுபாவம் உனக்குத் தெரியும். பெற்ற பிள்ளையை அடுத்தவர் முன்னால் புகழ்ந்து எனக்குப் பழக்கமே இல்லை. யாராவது உன்னைக் கெட்டிக்காரன் என்று சொன்னால், எங்கே, தின்ன தட்டைக்கூட எடுத்து வைக்க மாட்டான் என்று சொல்லி அந்தப் பேச்சை அங்கேயே அமுக்கிவிடுவேன், கண் பட்டுவிடக் கூடாதே என்றுதான். அந்த வாய் அன்றைக்கும் தன் பாட்டுக்கு ஓடிவிட்டது. நேரத்துக்கு வேலைக்கு வருவாரா என்றாள். நாலு தடவை எழுப்பினா ஒரு கண்ணைத் திறப்பான் என்றேன். கூட வேலை செய்றவங்களோட ஒத்துப்போவாரா என்றாள். ரேடியோவில் எந்த நிலையம் வைப்பது என்று நீயும் பெட்டி மாமாவும் ஒரு வாரம் பேசாமல் இருந்தீர்களே, அதை விலாவாரியாகச் சொன்னேன். வேலையில ஏதாவது தப்பு பண்ணியிருக்காரா என்றாள், குழந்தை டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பேக்கரிக்காரருக்கும், பேக்கரிக்காரர் கோட்டை டாக்டருக்கும் நீ கட்டிக் கொடுத்த கதையை எடுத்துவிட்டேன். நெஞ்சில் பேக்கரிப் பெயரோடு டாக்டர் அரை நாள் வைத்தியம் பார்த்ததையும், ஊசிக்கு அழுத பிள்ளைகளெல்லாம் கேக் கேட்டதையும்கூட விடவில்லை. கடைசியாக, அவரை மறுபடியும் வேலைக்கு எடுத்துக்குவீங்களா என்று கேட்டாள். ஐயையோ வேண்டவே வேண்டாம்மா, அவன் எங்க கடைப் பக்கமே வந்துடக் கூடாதுன்னுதான் இத்தனை வருஷமா வேண்டிக்கிட்டிருக்கேன் என்றேன். அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத பெட்டி மாமா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அக்கா, பையன் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, ஒரு கால்சட்டைக்கு இரண்டு மடிப்பு வைத்துத் தேய்த்துவிட்டேன். அப்பா வந்ததும் அழாத குறையாகச் சொன்னேன். அவர் என்ன கேட்டார் தெரியுமா, இவன் ஒருங்கிணைப்பாளர்னா எனக்கு என்ன பதவி எழுதியிருக்கான் என்று கேட்டார். தெரியாது என்றேன், அவரே யோசித்து நிர்வாக இயக்குநராகத்தான் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டார். அன்று முதல் படுக்கை விரிப்பு மடிக்கக் கூப்பிட்டால், இயக்குநர் மடிக்கிற வழக்கம் இல்லையே என்கிறார், டீயைக் கொண்டுபோய் அவர் பக்கத்து ஸ்டூலில் வைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் மனுஷன் ஒன்று மட்டும் உருப்படியாகச் சொன்னார். நம்பர் போன்லதானே இருக்கு, நீயே கூப்பிட்டுப் பேசு, கெடுத்தவதான் சரிபண்ணணும் என்றார்.

ஒரு நாள் முழுக்கத் தயங்கிவிட்டுப் புதன்கிழமை சாயங்காலம் கூப்பிட்டேன். நேத்து உங்ககிட்ட பேசினது அவனைப் பெத்தவ, இன்னைக்கு முதலாளி பேசறேன், குறிச்சுக்குங்க என்றேன். கோட்டு மாறியதை யாரும் புகார் சொல்லுமுன்னே நீயே கண்டுபிடித்து என்னிடம் வந்து சொன்னதை, பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் வெளியே வரும்வரை நின்று மன்னிப்புக் கேட்டதை, அன்று ராத்திரியே உட்கார்ந்து ஒவ்வொரு வாடிக்கைக்காரருக்கும் ஒரு நிறமாகக் காலர் உள்பக்கம் நூல் தைக்கிற முறையைக் கொண்டுவந்ததை எல்லாம் சொன்னேன். இன்றைக்கு வரை அந்த நூல்தான் எங்களுக்குக் கணக்கு, அதற்குப் பிறகு ஒரு கைக்குட்டைகூட மாறவில்லை என்றேன். ரெண்டு வருஷம்னு அவன் எழுதினது தப்பு, பள்ளிக்கூடத்திலிருந்து கணக்குப் போட்டா ஆறு வருஷம் என்றேன். மறுபடியும் எடுக்க மாட்டேன்னு சொன்னது அவன் சரியில்லைங்கிறதுக்காக இல்லை, எங்க கடை அவனுக்குப் போதாதுங்கிறதுக்காக என்றேன்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். கோட்டுக் கதையை அவர் நேர்காணல்ல முழுசா சொல்லிட்டார்ம்மா, நிஜமான்னு பார்க்கத்தான் உங்களைக் கேட்டேன் என்றாள். தப்பு என்ன செய்தாய் என்று கேட்டால் நேர்காணலுக்கு வந்த மற்றவர்கள் எல்லோரும் நான் அளவுக்கு மீறி உழைத்துவிடுவேன் என்கிறார்களாம். இன்னொன்றும் சொன்னாள். வேலையை எங்க அம்மாகிட்டதான் கத்துக்கிட்டேன், அவங்களைவிடக் கறாரான முதலாளி இனிமே எனக்குக் கிடைக்கப் போறதில்லைன்னு நீ சொன்னாயாமே. நான் மேஜை விரிப்பு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். படிக்கும்போது சிநேகிதர்கள் வந்தால் நீ நம் கடை இருக்கிற தெருவை விட்டு அடுத்த தெரு வழியாகக் கூட்டிப்போவாய். இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். உனக்குக் கடை என்றால் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன், வலித்தது, கேட்கவில்லை. இப்போது நேர்காணலில் முன்பின் தெரியாதவர்கள் முன்னால் அதே கடையை நீ தலைநிமிர்ந்து சொல்லியிருக்கிறாய். இந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

முடிவை அவள் சொல்லவில்லை. ஆனால் ஒண்ணாம் தேதி சேர முடியுமா, பக்கத்திலேயே தங்க இடம் பார்த்துக்கொள்வானா என்று கேட்டாள், சும்மா யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள் என்று இயக்குநர் சொல்கிறார். அனுபவச் சான்றிதழ் ஒன்று எழுதிக் கொடுத்தால் போதுமாம், உன் கையில் கொடுத்து அனுப்பச் சொன்னாள். கடை முத்திரை குத்தி இதோடு வைத்திருக்கிறேன். வேலை கிடைத்தால் அலாரம் இரண்டு வை, ஒன்றைக் கைக்கு எட்டாத இடத்தில் வை. சட்டையை முதல் நாளே தேய்த்துவிடு, சலவைக் கடைக்காரர் மகன் கசங்கிய சட்டையோடு போனான் என்று இருக்கக் கூடாது. தப்பு நேர்ந்தால் அன்றே போய்ச் சொல்லிவிடு. கிடைக்காவிட்டாலும் தலையைக் குனிந்துகொண்டு வராதே, நேராக நம் தெரு வழியாகவே வா, வந்து நாலு நாள் தூங்கி எழுந்து பத்தொன்பதாவது இடத்துக்கு எழுது.

நீ நீண்ட ஆயுளோடும் நல்ல பெயரோடும் இருக்க நானும் அப்பாவும் மனதார ஆசீர்வதிக்கிறோம், பெட்டி மாமாவும் இன்றைய பத்து வார்த்தையில் மூன்றை உனக்காகச் செலவழித்து, நல்லா இருக்கட்டும் பிள்ளை என்றார். கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. சான்றிதழை உறை ஒட்டாமல்தான் வைத்திருக்கிறேன். அதில் உன்னைப் பற்றி எட்டு வரி எழுதியிருக்கிறேன், ஒன்றுகூட வேலைக்காக எழுதியது இல்லை. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல இந்த ஜென்மத்தில் எனக்கு வாய் வராது, அதனால் அவர்களிடம் கொடுக்குமுன் நீ ஒரு தடவை படித்துவிடு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா