பத்தாம் நம்பரை உன் தலையில் கட்டினேன்

என் அன்பு ஏழுமலைக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அடுத்த உலகக் கோப்பை தென்னாப்பிரிக்காவில் நடக்கப்போகிறதாம். நேற்று தயாளன் எங்கள் ஷெட்டுக்கு வந்திருந்தான். தறிச் சத்தத்தில் கத்திக்கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. "மறுபடியும் ஆளெடுப்பு வெச்சுக்கலாமாடா? இஸ்மாயிலு சரின்னுட்டான்" என்றான். "மூணு பேரை வெச்சிகினு இன்னாடா ஆடறது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது சாக்கு. உண்மைக் காரணம் உனக்குத் தெரியும். இத்தனை நாள் அதை யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும், பொறுத்துக்கொள். ஆரணியில் பந்து உதைக்கத் தெரியாத நாலு பேர் சேர்ந்து காகிதத்தில் ஆடிய கால்பந்து அது. உலகக் கோப்பைக்கு முன்னால், ஆடப்போகிற எல்லா நாட்டு வீரர்களிலிருந்தும் முறை வைத்து ஆளுக்குப் பதினோரு பேரை எடுப்போம். நம் ஆள் கோல் போட்டால் புள்ளி. நம் கீப்பர் கோல் விடாவிட்டால் அதற்கும் புள்ளி. தயாளனின் டிவி ரிப்பேர் கடைதான் நமக்கு மைதானம். யாரோ சரிசெய்யக் கொடுத்த டிவியில்தான் பார்ப்போம். ஒருமுறை படம் முழுக்கப் பச்சையாகத் தெரிய, இரண்டு அணியும் ஒரே சட்டை போட்டதுபோல் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ஆள் எடுப்பதில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. நாங்கள் மூவரும் பெயர் பெற்ற கோல்காரர்களை அடித்துப் பிடித்து எடுப்போம். நீ சாவகாசமாக ஒரு கீப்பரைச் சொல்வாய். நாங்கள் சிரிப்போம். "சிரிங்கடா. கோல் போடறவன் இருபது பேரு இருக்கறான். கோல் வுடாத கீப்பரு ரெண்டே பேரு. நாளைக்கு என் வாசல்ல வந்து நிப்பீங்க" என்பாய். நின்றோம். ஒவ்வொரு தடவையும் நின்றோம்.

எடுத்த ஆட்களை முதல் ஆட்டம் தொடங்கும்வரை மாற்றிக்கொள்ளலாம். அதற்கு நீ கொண்டுவந்த வழக்கம்தான் துண்டு. உங்கள் அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் துண்டுக்கு அடியில் கையை விட்டு விரல் பிடித்து விலை பேசுவார். நாம் விலைக்குப் பதில் மார்க் பேசினோம். என் ஆளுக்கு எட்டு, உன் ஆளுக்கு ஏழு என்று விரலை அழுத்துவோம்; இருவரும் ஒத்துக்கொண்டால் ஆள் கை மாறும். மற்ற இருவருக்கும் தெரியாது. பேச்சு முடிந்ததும் துண்டை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும் என்பது உன் கண்டிப்பு. "குறை எதுனா இருந்தா இப்பவே சொல்லிடு." சந்தையில் அப்படிக் கேட்ட பிறகு மறைக்கிறவனோடு யாரும் வியாபாரம் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நீதான் சொன்னாய்.

கொரியாவிலும் ஜப்பானிலும் நடந்த அந்தக் கோப்பை. ஆட்டங்கள் எல்லாம் நமக்குப் பகல் வேளையில். உன்னிடமிருந்த கீப்பர்மேல் எனக்குக் கண். என்னிடம் பத்தாம் நம்பர்காரன் இருந்தான். பெயர் வேண்டாம், உனக்குத் தெரியும். அன்று காலை பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அவனுக்கு முட்டி போய்விட்டது, முதல் இரண்டு ஆட்டத்தில் இறங்க மாட்டான், அதற்கப்புறமும் சந்தேகம்தான் என்று போட்டிருந்தது. அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டேன். நம் ஊர்ப் பேப்பரில் அது வர இரண்டு நாள் ஆகும். நீ கண்ணமங்கலத்து உரக்கடையில் பில் போட்டுவிட்டு பஸ் பிடித்து வருகிறவன். உனக்கு இன்டர்நெட் ஏது?

சாயங்காலம் துண்டுக்குள் உன் கை என் விரல்களைப் பிடித்திருந்தது. நான் ஒன்பது என்று அழுத்தினேன். கீப்பரைத் தர நீ ஒத்துக்கொண்டாய். வழக்கம்போலக் கேட்டாய். "குறை எதுனா இருக்குதாடா?"

"ஒண்ணும் இல்ல மச்சான். குதிரை மாதிரி இருக்கறான்" என்றேன். அந்தப் பிரிண்ட் என் சட்டைப் பையில் மடித்துக் கிடந்தது.

அந்த வருஷம் நான்தான் முதல். உன் கீப்பர் எனக்கு ஜெயித்துக் கொடுத்தான். பேப்பரில் செய்தி வந்த அன்று, "முட்டி போச்சாமேடா" என்று நீ சொல்ல, "அப்படியா!" என்று வாயைப் பிளந்தேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் என் முகத்தில் நானே முழிக்க முடியவில்லை. சும்மா ஒரு விளையாட்டு, அதற்கு ஏன் அப்படி ஒரு நடிப்பு நடித்தேன்?

சில மாதம் கழித்து உன் தங்கை கோமதிக்கு ஏதோ விண்ணப்பம் எடுக்க நாம் இரண்டு பேரும் பிரவுசிங் சென்டருக்குப் போனோம். அங்கே இருந்தவர் தமாஷாகத்தான் சொன்னார். "சாரு உஷார் பார்ட்டி. ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாலயே முட்டி போனவன் சமாச்சாரத்தைப் பிரிண்ட் எடுத்துகினு போனவரு." நீ ஒரு நொடி என்னைப் பார்த்தாய். பிறகு, "அண்ணே, இந்த ஃபாரம் எத்தினி பக்கம்?" என்று அவரிடம் திரும்பிவிட்டாய். சண்டை போட்டிருக்கலாம் நீ. இரண்டு அறை விட்டிருக்கலாம். அடுத்து ஐரோப்பியக் கோப்பை வந்தபோது, தயாளனோடும் இஸ்மாயிலோடும் துண்டு போட்டுப் பேசினாய். என்னோடு மட்டும் எல்லோர் எதிரிலும் வாய்விட்டே பேசினாய். மற்ற இருவரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

அதற்கடுத்த வருஷம் ஆரணி பஸ் ஸ்டாண்டில் என்னை நிறுத்தி, "உங்க ஷெட்டு மெக்கானிக் எப்படிடா? கோமதிக்குக் கேக்கறாங்க" என்றாய்.

சத்தியமாகச் சொல்கிறேன், அன்று நான் மறைக்கவில்லை. "வேணாம்டா. கை சுத்தமான வேலைக்காரன்தான். ஆனா குடிச்சா மனுஷன் இல்ல. பெத்த அம்மா மேலயே கை நீட்டினதை நான் என் கண்ணால பாத்திருக்கறேன்" என்றேன்.

நீ சிரித்தாய். "அவனை மாதிரி தறி பாக்கறவன் ஆரணியிலயே கெடையாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. கட்டிக்கினு கண்ணமங்கலம் வந்துட்டா உங்க ஷெட்டு நின்னுபுடும். அதானே?" என்றாய்.

விட்டுக்கொடுக்க விரும்பாத ஆளைப் பற்றி எவனும் மட்டமாகத்தான் பேசுவான். நம் ஆட்டத்தில் நாலு பேரும் செய்ததுதான் அது. நீ என்னை அப்படிக் கணக்குப் போட்டதில் உன் தப்பு ஒன்றுமே இல்லை. 'ஆமாண்டா, பத்தாம் நம்பர் விஷயத்தில் பொய் சொன்னேன், இதில் சொல்லவில்லை' என்று அந்த இடத்திலேயே உன் கையைப் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பொய் சொன்னவனுக்கு ரோஷம் வேறு! "உன் இஷ்டம்டா, எனக்கு இன்னா" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

கல்யாணத்துக்கு வந்தேன். வயிறாரச் சாப்பிட்டேன். மாப்பிள்ளைக்குக் கை கொடுத்து வாழ்த்தினேன். மூன்று வருஷத்தில் கோமதி கைக்குழந்தையோடும் மணிக்கட்டில் மாவுக்கட்டோடும் உன் வீட்டுக்கே திரும்பி வந்தாள். அப்போதாவது நீ வந்து என்னைத் திட்டியிருக்கக் கூடாதா? அதையும் செய்யவில்லை.

வேலூர் ஆஸ்பத்திரியில் உன் கண் இரண்டும் மஞ்சளாக இருந்தன. அடுத்த கோப்பைக்கு யாரை முதலில் எடுக்கலாம் என்று நீதான் பேச்சை ஆரம்பித்தாய். நானும் அதையே பேசிக்கொண்டிருந்தேன். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் வந்து சொன்னபோது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. என்னை மன்னித்துவிடு, மச்சான். அந்த நிம்மதிக்காகத்தான் முதலில் மன்னிப்புக் கேட்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கண்ணமங்கலம் போனேன். அவனிடமிருந்து விவாகரத்து வாங்கிவிட்ட கோமதி இப்போது நர்சரிப் பள்ளியில் டீச்சர். பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். அவள் மகள், உன் குட்டி மருமகள், கதவுக்குப் பின்னால் நின்று என்னை வேடிக்கை பார்த்தாள். துண்டு, பிரிண்ட், பஸ் ஸ்டாண்ட் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். 'உன் அண்ணன் என் பேச்சை நம்பாமல் போனதற்கு நான்தான் காரணம்' என்று அவளிடம் சொன்னேன்.

அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். "அன்னிக்கு நான் எங்க இருந்தேன்னு தெரியுமாண்ணா?" என்று கேட்டாள்.

நினைவில்லை என்றேன்.

"அதே பஸ் ஸ்டாண்டுல, எதிர்க்கடையில வளையல் பாத்துகினு இருந்தேன். நீங்க போகும்போது என்னைப் பாத்துக் கையாட்டிட்டுப் போனீங்க. அண்ணனுக்கு உங்க பேச்சுமேல நம்பிக்கை போயிருந்துச்சு, சரி. எனக்குப் போகலையே. உங்க ஆட்டத்துல நான் இல்லையேண்ணா. எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த நோட்டை எடுத்தாள். நாம் இரண்டு பேரும் அவளைப் பற்றி அவ்வளவு பேசினோமே ஏழுமலை, பத்தடி தூரத்தில் நின்றவளை ஏன் கூப்பிடவில்லை?

தேவிகாபுரத்தில் ஒருவர், மனைவியை இழந்தவர், கோமதியைக் கேட்கிறார். உன் பெரியப்பாவிடம் பேசிவிடச் சொல்லி எனக்கு ஆள் அனுப்பினார். நாளைக் காலை முதல் பஸ்ஸில் கண்ணமங்கலம் போகிறேன். உன் பெரியப்பா வீட்டுக்கு இல்லை. அந்தத் தேவிகாபுரத்துக்காரரைப் பற்றி எனக்குத் தெரிந்த நல்லதையும் கெட்டதையும் கோமதியின் முகத்தைப் பார்த்து அவளிடமே சொல்வேன். அவள் வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது. இனி அவளைப் பற்றிய எந்தப் பேச்சையும் அவளிடமேதான் தொடங்குவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. இதையாவது நம்பு.

இப்படிக்கு,
உன் மச்சான்,
கோமதிக்கு மிச்சமிருக்கிற அண்ணன்,
பாஸ்கர்