வீராவாலிக்கு ஒரு பிடி மண்

அம்பாலா
12 அக்டோபர் 1947

அன்புத் தம்பி நியாமத்துக்கு,

உயிரோடு வந்து சேர்ந்தோம். முகாமில் ரொட்டி கிடைக்கிறது, உப்புதான் குறைவு.

ஆகஸ்டில் உன் அண்ணி வீராவாலியைத் தகனம் செய்தபோது நீயும் கூட நின்றாய். கலவரத்தில் அஸ்தியை எடுத்துவர முடியாமலே ரயிலேறிவிட்டோம். சுடுகாட்டு அறையில், அவள் பெயர் எழுதிய சிவப்புத் துணியில் மூட்டையாகத் தொங்குகிறது. கங்கையில் கரைத்தால்தான் அவள் கரைசேருவாள் என்பது எங்கள் நம்பிக்கை. அவள் கேட்டதும் அது ஒன்றுதான். எடுத்து வைத்திரு. ஆள் அனுப்புகிறேன்.

உன் அண்ணன்,
துனிசந்த்


லாகூர்
20 நவம்பர் 1947

மரியாதைக்குரிய அண்ணாவுக்கு ஸலாம்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே, சுடுகாட்டு மூட்டைகளைத் தெருவில் வீசுகிறார்கள் என்று கேட்டு ஓடினேன். அண்ணியின் மூட்டை அகப்பட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என் மனைவி ஜுபைதா அழுதாள். "அக்காவ இப்படியே ஆணியில தொங்க விடுவீங்களா? ஒரு பிடி மண்ணுகூடவா குடுக்க மாட்டீங்க?" என்றாள்.

எங்களுக்கு மரியாதை என்றால் மண்தான். என் அம்மாவின் கபருக்குப் பக்கத்தில் அண்ணியை அடக்கம் செய்தேன். குழி வெட்டுகிறவன் சிரித்தான்: "என்ன வாத்தியாரே, இந்துவுக்கும் இங்க இடமா? அடுத்தது கோயிலா?"

"எங்க அண்ணிடா. வாய மூடிட்டு மண்ணத் தள்ளு" என்றேன்.

நல்லது செய்ததாக நினைத்திருந்தேன் அண்ணா. கபரைத் திறப்பது எங்களுக்குப் பாவம். ஆனாலும் நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் என் கையாலேயே தோண்டி எடுத்து அனுப்புகிறேன்.

உங்கள் தம்பி,
நியாமத் அலி


அம்பாலா
3 ஜனவரி 1948

அன்புத் தம்பி,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபமும் ஒரு காரணம். மறைக்க விரும்பவில்லை.

ரோஷன் சண்டை போட்டான். "தோண்டச் சொல்லுங்கப்பா. அம்மா என்ன அனாதையா?" என்றான். அனாதைகளை இந்த முகாமில் தினமும் பார்க்கிறேன். அவர்களுக்காகக் குழிவெட்டியிடம் சண்டை போட யாரும் இல்லை.

நான் சொல்லிக்கொடுக்காத வழியில் கணக்குப் போட்ட பையனுக்கு, விடை சரியாக இருந்தாலும் நான் மதிப்பெண் தந்ததில்லை. நீ தருவாய். அதற்காக ஆசிரியர் அறையில் உன்னோடு எத்தனை சண்டை! இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

தோண்டாதே.

ரோஷன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். பொறுத்துக்கொள்வேன். நான் செத்தால் என் அஸ்தியை அவன் கங்கைக்குத்தான் கொண்டுபோவான். அதன் பிறகும் நானும் அவளும் வேறு வேறு ஊர்தான்.

கோடையில் அவளுக்கு வெயில் தாங்காது. ஜுபைதாவிடம் சொல்லி, அந்த மண்ணில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றச் சொல். ராவி ஆற்றுத் தண்ணீரே போதும்.

துனிசந்த்