வீட்டில் இல்லை என்று சொல்லப்பட்ட தம்பிக்கு

என் பிடிவாதக்காரத் தம்பி நிரோ,

நீ போய் ஒன்றரை வருடமாகிறது. இவ்வளவு நாளும் உனக்கு எழுதாததற்குக் காரணம் கோபம். உன்மேல் அல்ல. இல்லை, உன்மேலும்தான். கோபம் ஆறிவிட்டதால் இப்போது எழுதவில்லை. யார்மேல் கோபப்படுவதென்று தெரியாமல் போய்விட்டதால் எழுதுகிறேன்.

சென்ற மாதம் நானும் அப்பாவும் கொப்பன்ஹேகன் போனோம். டெனிஷ் படையிலிருந்து திரும்பியவர்களின் சிகிச்சையையும் உதவிகளையும் மேற்பார்வை செய்யும் பாராளுமன்றக் குழுவின் முன் பேசுவதற்கு. யாரும் நேரம் கேட்டுப் போகலாம், கால் மணித்தியாலம் தருவார்கள். நாம் பேசலாம், அவர்கள் கேள்வி கேட்கலாம். நம் கேள்விக்கு அங்கே வைத்துப் பதில் சொல்வது வழக்கமில்லை. கதவு திறந்திருக்கும், கோப்பி சூடாக இருக்கும், பதில் மட்டும் இருக்காது.

நான் கேட்கப் போனது ஒன்றுதான். ஈராக்கிலிருந்து திரும்பிய நீ இரவெல்லாம் நித்திரையில்லாமல் நடந்துவிட்டுப் பகலில் திரைச்சீலையை மூடிக்கொண்டு கிடந்தாயே, அப்போது உன்னை அனுப்பியவர்கள் எங்கே இருந்தார்கள்? சில்க்போர்க் ஏரிக்கரை வீதியில் உன் கார் மரத்தில் மோதி நீ இறந்ததைப் பொலிஸ் விபத்து என்றது. ஓடிக்கொண்டிருக்கும்போது நித்திரையாகிவிட்டான் என்று நான் எல்லாருக்கும் சொல்கிறேன். நீ இருந்தால் என்ன சொல்வாய்?

எழுதி வைத்திருந்ததை ரயிலில் அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக்காட்டினேன். "இவனைத் தேடி ஒருநாளும் ஒருவரும் எங்கள் கதவைத் தட்டவில்லை" என்ற வரி வந்தது. அந்த வரியை நம்பித்தான் மற்றதெல்லாம் எழுதியிருந்தேன்.

"அதை எடுத்துவிடு, பிள்ளை."

"ஏன்?"

"வந்தவங்கள்."

"ஆர் வந்தது?"

"ரெண்டு பேர். ஒருத்தன் ஆமி உடுப்போடை. அம்மா வேலைக்குப் போட்டா. உங்கடை மகன் நிக்கிறாரோ எண்டு கேட்டாங்கள். இல்லையெண்டன்."

"அப்ப தம்பி எங்கை நிண்டவன்?"

"அறைக்குள்ளை படுத்திருந்தவன்."

"அப்பா!"

"எங்கை போட்டார் எண்டு கேட்டாங்கள். கனடா எண்டன்."

"கனடாவோ? ஏன் கனடா?"

"வாயிலை வந்துது. எல்லாரும் அங்கைதானே போறவை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தம்பி. எதிரே இருந்த பெண் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்குமளவுக்குச் சிரித்தேன். பிறகு பேனையை எடுத்து அந்த வரியை வெட்டினேன்.

அப்பா யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆமிக்காரன் வந்து பேரைச் சொல்லிக் கேட்டால், உள்ளை இருக்கிறான் எண்டு சொல்லுற தேப்பன் ஆர்? ஊரிலை எங்கடை ஐயா அப்பிடிச் சொன்னவர். அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனவங்கள். விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டாங்கள்." திரும்பி வராத அந்தப் பெரியப்பாவை நானும் நீயும் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

"இது அவன்ரை சொந்த ஆமி, அப்பா. உதவி செய்ய வந்தவங்கள்."

"இப்ப விளங்குது. அண்டைக்கு வாய் முந்தீட்டுது."

அப்பாமேல் பாயலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இதையும் யோசித்துப் பார். நாம் வீடு மாறினால் அடுத்த கிழமையே கொம்யூனுக்கு, அதுதான் நகரசபைக்கு, தெரிந்துவிடும் நாடு இது. உன் பல்லைப் பார்க்கும் நாள் தவறினால் குறுஞ்செய்தி வரும். நீ கனடாவில் இல்லை, பதிவின்படி எங்கள் வீட்டில்தான் இருக்கிறாய் என்பதைக் கணினியில் தட்டிப் பார்க்க அந்த இரண்டு பேருக்கும் தோன்றவில்லையா? ஒரு மனிதன் வாசலில் நின்று வியர்த்தபடி ஒரு நாட்டின் பெயரைச் சொன்னால் அத்தோடு வேலை முடிந்ததா? அவர்கள் திரும்ப வரவேயில்லை.

நீயும் சும்மா இருந்தவனில்லை. படையில் சேர்ந்ததைக் கையெழுத்து வைத்த பிறகுதான் சொன்னாய். "அங்கை ஒருத்தரும் என்னை எங்கையிருந்து வந்தனி எண்டு கேக்கிறதில்லை, அக்கா" என்றாய். அதற்காகவா போனாய்? கோயிலில் உன்னை விசாரித்தவர்களிடம் அப்பா "வெளியிலை வேலை" என்று சொன்னார். இந்த வீட்டில் நீ எப்போதும் வேறெங்கோதான் இருந்திருக்கிறாய்.

குழு அறையில் நீண்ட மேசை. இரண்டு பேர் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வரியை விட்டுவிட்டுப் பேசினேன். அது இல்லாமல் என் பேச்சு எங்கும் போய்ச் சேரவில்லை. அம்மாவின் வயதிருக்கும் பெண் உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "உங்கள் தம்பியை யாராவது தொடர்புகொண்டார்களா?"

நான் கையிலிருந்த தாளைப் புரட்டினேன். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம் என்று நான் சொல்லிக் கூட்டிவந்த அப்பா, தொழிற்சாலையில் பழகிய தன் டெனிஷ் மொழியில் பேசினார். "வந்தார்கள். நான் பொய் சொன்னேன். மகன் உள்ளே இருந்தான்."

"மறுபடி வந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பீர்களா?"

ஓம் என்று சொல்லுங்கோ அப்பா, என்று எனக்குள் கெஞ்சினேன்.

"இல்லை. அந்த உடுப்போடு வந்தால் மறுபடியும் கனடாதான்." ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அப்பா அவரைப் பார்த்தே தொடர்ந்தார். "அவனோடு ஈராக்கில் நின்ற பெடியன் ஒருவன் ஒருநாள் சாதாரண உடுப்பில் வந்தான். கதவைத் திறந்தேன். இருந்து சாப்பிட்டான். இரண்டு பேரும் சத்தமாகச் சிரித்தார்கள். உங்களுக்கு அனுப்ப அவனைப் போல ஒரு ஆள் கிடைக்கவில்லையா?"

நேரம் முடிந்தது. தலைவர் நன்றி சொன்னார். படியிறங்கும்போது அப்பா கேட்டார்: "பிழையாக் கதைச்சுப்போட்டனோ?" தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.

முந்தாநாள் அந்தப் பெண் உறுப்பினரின் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அவர் அமைச்சரிடம் எழுத்தில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாராம். வீட்டார் ஆள் இல்லை என்று சொன்னால், அதன்பிறகு என்ன செய்கிறீர்கள்? அமைச்சர் பதில் சொல்லியே ஆகவேண்டும். நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். பயமாக இருக்கிறது. நாங்கள் போனோம், தகப்பனே திருப்பி அனுப்பிவிட்டார் என்று பதில் வந்தால்? அதற்கான ஆதாரத்தை நாங்களே ரயிலேறிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம்.

"உண்மையைச் சொல்லி என்னத்தைக் கண்டனீங்கள்? இனி எல்லாரும் இவரைத்தான் காட்டுவினம்" என்று அம்மா கத்தினாள். அவளுக்கும் அந்த அழைப்பு வந்த அன்றுதான் விஷயம் தெரியவந்தது. இதையெல்லாம் தம்பிக்கு எழுதட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். "எழுது. என்னை ஒளிக்காதை" என்றார். பிறகு தலையை நிமிர்த்தாமல் கேட்டார்:

"நான் கனடா எண்டது அவனுக்குக் கேட்டிருக்குமோ, பிள்ளை?"

வீடு சின்னது. உன் அறைக் கதவு மெல்லியது. கேட்டதா, தம்பி? கேட்டும் எழும்பி வராமல் படுத்திருந்தாயா? அப்பா உன்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்தாயா? இதற்கு எந்த அமைச்சராலும் பதில் எழுத முடியாது.

அப்பாவை மன்னித்துவிட்டேன் என்று எழுத என் கை வரவில்லை. நீ மன்னித்திருப்பாய் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. ஒன்றுக்கு மட்டும் வாக்குத் தருகிறேன். பயந்துபோன ஒரு மனிதனின் ஒற்றைச் சொல்லைக் காட்டி அவர்கள் கைகழுவப் பார்த்தால், மறுபடியும் கால் மணித்தியாலம் கேட்டுப் போவேன். அப்போதும் அப்பாவின் பக்கத்திலேயே உட்காருவேன்.

குழம்பிப்போய் நிற்கும்
உன் ஒரே அக்கா