கடை மாடியில் படங்கள்

1996 ஆகஸ்ட், ஞாயிறு இரவு

திரைச்சீலைக்குத் துணி எடுக்கப் பின்னேரம் எங்கள் புடவைக்கடைக்குப் போனேன். இவர் கல்லாவில் இல்லை. மாடியில் சுத்தியல் சத்தம் கேட்டது. ஏறிப் பார்த்தேன். சுவர் நிறையப் படங்கள். ஏணியில் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தது என் புருஷன்.

பாண்டிருப்பிலிருந்து வந்திருந்த சித்திர டீச்சர் ஒருத்தி எனக்குக் கதிரை போட்டாள்.

"உங்கட அவர்தான் அக்கா எங்களுக்கு இந்த இடத்தைத் தந்தவர். பெயின்ட், பிரஷ் எல்லாம் கொழும்பிலிருந்து எடுப்பிச்சுத் தாறதும் அவர்தான். சாய்ந்தமருது, நற்பிட்டிமுனை, காரைதீவு எண்டு எல்லா ஊராக்களும் இஞ்சதான் வந்து படம் கீறுறம்."

கல்முனையில் படம் வரைவது நான் ஒருத்திதான் என்று நினைத்து, கலியாணம் முடித்த நாளிலிருந்து கதவைப் பூட்டிக்கொண்டு வரைகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?"

"நீ மௌலவிர மகள். மார்க்கத்தில உருவம் கீறக்கூடாதெண்டு கேட்டு வளர்ந்தவள், படமெண்டா உனக்குப் பிடிக்காதெண்டு நினைச்சன்."

அலுமாரியில் சாரிகளுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்ததையெல்லாம் எடுத்துக் கட்டிலில் பரப்பினேன். இவர் நித்திரை கொள்ளும்போது பார்த்து வரைந்த முகங்களும் அதில் இருந்தன. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார்.

பிறகு, "இதுகளையும் மாடியில மாட்டுவமா?" என்றார்.

"ஓம்" என்றேன்.

"உன்ட மௌலவி வாப்பாக்கு ஆர் சொல்லுற?" என்று அவரே கேட்டார்.

நான்தான் சொல்லவேண்டும். அந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.